அசலின் முதுகு

பிளாஸ்டிக்கின் மேல் மை நிற்காதாம். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிவிட்டு நோட்டரி வக்கீல் தட்சிணாமூர்த்தி கறுப்புக் கோட்டை முழங்கையில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து எதிரே கோர்ட் வாசலுக்குள் போய் மறைந்துவிட்டார். ஒரு வாய்தா இருக்கிறது, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், அதற்குள் ஒரு முடிவுக்கு வந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முடிவுக்கு வருவதாம். தனிஸ்லாஸ் தகரக் கொட்டகையின் கீழே, ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, மகளின் நர்சிங் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை வழியே இறங்கிய வெயில் லேமினேஷன் மேல் விழுந்து கண்ணைக் குத்தியது. சாய்த்துப் பிடித்தால் ரோஸ்லினின் பெயர் தெரிகிறது, அவள் படம் தெரிகிறது, தலைப்பில் பொன் நிறத்தில் அச்சடித்த சின்னம் தெரிகிறது. நேராகப் பிடித்தால் தன் மூஞ்சிதான் தெரிகிறது. மூக்குக் கண்ணாடி, அதற்குக் கீழே காலையில் அவசரத்தில் சரியாக மழிக்காத தாடை. நல்ல மூஞ்சி. ஒரு வேலையைக் கொடுத்தால் இப்படிக் கொண்டுவந்து நடுத்தெருவில் உட்காரவைக்கிற மூஞ்சி. குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அவர்கள் கேட்பது, இந்தச் சான்றிதழ் அசல்தான் என்று ஒரு நோட்டரி அசலின் பின்பக்கத்திலேயே முத்திரை குத்திக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டரி நிஜமான நோட்டரிதான் என்று சென்னையில் ஓர் அலுவலகம் குத்தும். சென்னை அலுவலகம் நிஜம்தான் என்று டெல்லியில் ஒருவன் குத்துவான். டெல்லிக்காரனை நம்பலாம் என்று தூதரகத்தில் ஒருவன் குத்துவான். இத்தனை பேரில் ஒருத்தனும் ரோஸ்லினைப் பார்க்கப் போவதில்லை. அவள் ஊசி போட்டால் வலிக்குமா, ராத்திரி கூப்பிட்டால் எழுந்து வருவாளா, ஒருத்தனும் கேட்கப் போவதில்லை. ஒருத்தன் குத்தியதை ஒருத்தன் பார்த்து அதற்குப் பக்கத்தில் தானும் குத்திக்கொண்டே போவார்கள். குத்தட்டும். ஆனால் முதல் குத்து விழ வேண்டுமே. சாயங்காலம் ஏஜென்சி ஆள் எல்லார் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறுகிறான். இவள் தாள் அந்தப் பையில் இல்லையென்றால் இவளும் இல்லை. அவளுக்குப் பதிலாக எடுக்க வேறு பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்று அவன் போனிலேயே சொல்லிவிட்டான், சொன்ன தொனியில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

வக்கீலைக் குறை சொல்லவும் முடியவில்லை. குறை சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மனிதர் சான்றிதழை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நகல்ல போடணும்னா இப்பவே போட்டுத் தர்றேன் சார். அசலைப் பக்கத்துல வச்சு ஒத்துப் பாத்துட்டு நகல்ல குத்திடலாம். அவங்க கேக்குறது அசலோட முதுகுல. பிளாஸ்டிக் மேல குத்துனா நீங்க பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள உங்க சட்டையில இருக்கும் என் சீல்." அப்படியும் இவர் விடாமல், ஒரு ஓரத்தில் சின்னதாகக் கீறிவிட்டு அந்த இடத்தில் மட்டும் குத்த முடியாதா என்று கேட்டார். "உங்க பொண்ணு நர்ஸுங்கிறீங்க. ஊசி போடணும்னா சட்டை மேலயா போடுவாங்க? கையை மடிச்சுவிடச் சொல்லுவாங்கல்ல? அதான் நானும் சொல்றேன்." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். உள்ளே இருப்பது அசலா, கலர் ஜெராக்ஸா என்று பிளாஸ்டிக்கைத் தடவினால் தெரியாது, தாளைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நர்சிங் கவுன்சில் முத்திரை தாளில் புடைத்திருப்பது விரலுக்குத் தெரிய வேண்டும், தொடாமல் எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று. நியாயம். நியாயமாக இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. அநியாயக்காரனிடம் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வக்கீல் சரியில்லை என்று சொல்லலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை.

அந்தச் சான்றிதழ் வீட்டுக்கு வந்த நாள் இன்னும் கையில் இருக்கிறது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி உறையைப் பிரித்ததும் தாளின் வாசனை. தடித்த தாள், ஒரு மூலையில் முத்திரை அழுந்திய மேடு, விரலை வைத்தால் சின்னச் சின்ன எழுத்தாக உறுத்தியது. இதைத்தானே வக்கீல் கேட்கிறார். நான் தொட்டேன், பிறகு யாரும் தொட முடியாமல் செய்துவிட்டேன். மனைவி லூர்து சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து கொடுங்கள் பார்க்கிறேன் என்று கையை நீட்டினாள். ஈரக்கை. அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த மெஷின் ஒரு பக்கம் தாளை விழுங்கி மறுபக்கம் மெதுவாகத் துப்பியபோது, வெதுவெதுவென்று கண்ணாடிபோல வந்ததைக் கையில் வாங்கியபோது இருந்த நிம்மதியை என்னவென்று சொல்வது. இனி தண்ணீர் ஒன்றும் செய்யாது. செல்லரிக்காது. காபி கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் லூர்து அதை வாங்கிப் பார்க்கவேயில்லை. பீரோவில் ஏற்கெனவே இருக்கிறவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரோஸ்லினின் ஞானஸ்நானச் சான்று, அவள் இரண்டாம் வகுப்பில் வாங்கிய ரேங்க் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கியாஸ் கனெக்ஷன் ரசீது. "என்னையும் ஒரு தடவ அந்த மெஷினுக்குள்ள விட்டு எடுத்துடுங்க. சுருக்கமாவது போகும்." சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அவள் நகைச்சுவைக்கெல்லாம் சிரித்திருந்தால் இந்தக் குடும்பம் இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று சில சமயம் தோன்றுவதுண்டு, தோன்றும்போது அவள் பக்கத்தில் இருக்கமாட்டாள்.

உத்தியோகமும் அப்படித்தான் வாய்த்தது. மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவர். வீடு வீடாகப் போய் மீட்டர் பெட்டியின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூக்கை ஒட்டிவைத்து உள்ளே ஓடுகிற எண்ணைப் படித்துவிட்டு வருவது. ஈபி என்று குரல் கொடுத்தால் கதவு திறக்கும், நாய் குரைக்கும், உள்ளே டிவி ஓடும், யாரோ யாரையோ திட்டுவது பாதியில் நிற்கும். எண்ணை எழுதிக்கொண்டு திரும்பியதும் திட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்த வீட்டிலும் யாரும் உட்காரச் சொன்னதில்லை. சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை விடக்கூடாது என்பது வேலையின் முதல் விதி. முப்பது வருஷம் அதைக் கடைப்பிடித்தவன் சொந்த வீட்டில் மட்டும் வேறு எப்படி இருப்பான். இதெல்லாம் சமாதானம். தனக்குத்தானே வாதாடுவதற்கு இந்தக் கொட்டகைதான் பொருத்தமான இடம், இந்தத் தெரு முழுக்க வாதாடுகிறவர்கள்தானே.

வக்கீலின் குமாஸ்தா செண்பகவல்லி ரப்பர் ஸ்டாம்புகளை வரிசையாக அடுக்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வட்டத் தாள்கள் ஒரு டப்பாவில், முத்திரை அழுத்துகிற இரும்புக் கருவி ஒரு பக்கம், வந்தவர்கள் கையெழுத்துப் போடுகிற தடித்த பதிவேடு ஒரு பக்கம். ஒரு ஆள் அவசரமாக உள்ளே வந்து முத்திரைத்தாளை நீட்டினான். யார் கையெழுத்து என்று கேட்டாள். அண்ணன் என்றான். "அண்ணன் எங்க?" "கோயம்புத்தூர்ல இருக்காருங்க." "அப்ப அவர் வந்ததும் கூட்டிட்டு வாங்க. வக்கீலய்யா முன்னாடி போட்டாத்தான் கையெழுத்து." "அதுக்கு எதுக்கும்மா அவரு? அவரு கையெழுத்தை அவர விட நல்லா நான் போடுவேன்." "போடுவீங்க, தெரியுது. அதை ஏன் கோர்ட்டு வாசல்ல நின்னு சொல்றீங்க?" அந்த ஆள் இவரைப் பார்த்து, பாத்தீங்களா சார் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கொட்டகையை நோக்கி நடந்தான். தன்னையும் அவனோடு சேர்த்துக்கொண்டுவிட்டான் என்று தனிஸ்லாஸுக்கு ஆத்திரமாக வந்தது. நான் அப்படியா. நான் போலியாக எதுவும் கொண்டுவரவில்லை. என்னிடம் இருப்பது அசல். அசல்தான், ஆனால் யாருக்கும் அது அசலென்று தெரியாதபடி நானே பார்த்துக்கொண்டேன். அவனாவது பரவாயில்லை, ஒரு வேலையைச் சுருக்காக முடிக்கப் பார்க்கிறான்.

"எதிர்ல ஜமால் ஜெராக்ஸ் கடையில கேளுங்க சார்" என்றாள் செண்பகவல்லி, தலையைத் தூக்காமல். "சூடு பண்ணி உரிச்சுடலாம். உங்கள மாதிரி யாராவது வந்துக்கிட்டேதான் இருக்காங்க. பிள்ளைங்க மேல பாசம் கூடிப்போனவங்கதான் இந்த வேலையைச் செய்றது." கிழிந்துவிட்டால் என்றார். "கிழிஞ்சா டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போடணும். போலீஸ்ல சொல்லணும், பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும், அது வர்றதுக்குள்ள குவைத்தே இருக்குமோ என்னமோ." இதைச் சொன்னபோதும் அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. அடுத்தவர் வீட்டு இடியெல்லாம் இவர்களுக்கு இப்படித்தான், ஈரத்துணியோடு துடைத்துவிடுவார்கள். தானும் ஒரு வீட்டில் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறவர்தானே என்ற நினைப்பு வந்து அவளைத் திட்டுவதற்கு இருந்த ஒரே சந்தர்ப்பத்தையும் கெடுத்தது.

ஆனால் மனம் போய் மாட்டிக்கொள்ளும் இடம் இதுவல்ல. சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது, சட்டை முள்ளில் மாட்டினதுபோல. போன மாதமே ரோஸ்லின் சொல்லிவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இடது கையில் போனைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அந்தச் சர்டிபிகேட் லேமினேஷனை எடுத்து வச்சுடுங்க, அதோட வாங்க மாட்டாங்களாம்" என்றாள். இவர் சரி என்றார். மறுநாள் வார்டில் ஆள் இல்லையென்று இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வந்தாள், அப்போதும் கேட்டாள். ஆகட்டும் என்றார். ஒருநாள் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கூட. மழை தூறியது, திரும்பிவிட்டார். இன்னொரு நாள் தெருமுனைக் கடையில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்று மின்வாரியத்துக்காரர் திரும்பி வருகிறார், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் ஒருநாள் ஏனென்றே தெரியாமல் போகவில்லை. பீரோவைத் திறந்தார், எடுத்தார், பார்த்தார், வைத்தார். ஆச்சாப்பா என்று அவள் கேட்டபோது ஆச்சு ஆச்சு என்றார். அது ஏன். அந்த இரண்டாவது ஆச்சு எதற்கு. பயம்தான், கிழிந்துவிடுமோ என்ற பயம், வேறென்ன. வேறென்ன என்று கேட்கிறவனுக்கு வேறு ஏதோ தெரிந்திருக்கிறது. லேமினேஷன் போட்ட அன்றைக்குக் குவைத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது, அது சத்தியம். ஆனால் போன மாதம் தெரியும். போன மாதம் பீரோவைத் திறந்து நின்றவனுக்கு, இது இப்படியே இருந்தால் அவள் இங்கேயே இருப்பாள் என்று ஒரு கணம் பட்டதா இல்லையா. பட்டது என்று சொல்ல முடியவில்லை. படவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. இங்கே பிரமாணப் பத்திரம் எழுத வருகிறவர்கள், மேலே கண்டவை அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். என் அறிவு எதுவரை எட்டுகிறது என்று எனக்கே தெரியவில்லையே, நான் எங்கே கையெழுத்துப் போடுவது. அவள் போய்விட்டால் வீட்டில் என்ன மாறிவிடும். குளியலறையில் டெட்டால் வாசனை இருக்காது. தீக்காய வார்டிலிருந்து வருகிறவள் நேராகக் குழாயடிக்குப் போய் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள், அந்தத் தண்ணீர்ச் சத்தம் இருக்காது. சில நாள் வறுத்தது பொரித்தது எதையும் தொடமாட்டாள், ஏன் என்று கேட்டால் பசியில்லை என்பாள், அந்தப் பொய் இருக்காது. நானும் லூர்தும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். லூர்து ஏதாவது வேடிக்கையாகச் சொல்வாள். நான் சிரிக்க வேண்டியிருக்கும்.

சட்டைப்பையில் போன் அடித்தது. அவள்தான். எடுக்காமல் இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டே எடுத்தார். "சீல் போட்டாச்சாப்பா?" வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார் என்றார். "லேமினேஷனை எடுத்துட்டுத்தானே போனீங்க?" பின்னால் ஒரு டிராலி உருளும் சத்தம், யாரோ சிஸ்டர் சிஸ்டர் என்று முனகுவது. "இப்ப எடுத்துடலாம்மா." அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "ஆச்சுன்னு சொன்னீங்களேப்பா" என்றாள். இங்கே வெயில் அதிகம் என்றார். "நான் போறது பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாம்." "அப்படியெல்லாம் இல்லம்மா." "எப்படியெல்லாம் இல்ல?" டிராலி தூரமாகப் போனது. அப்புறம் வார்டில் பேசுகிற குரலில், அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதேயில்லை, பேசினாள். "சரி, கேளுங்க. சூடு பண்ணதும் ஒரு மூலையைப் பிரிச்சுப் புடிச்சுக்கங்க. மேல தூக்கி இழுக்காதீங்க. மடிச்சு, தாளை ஒட்டினாப்பல, பின்னால கொண்டு போங்க. இன்னொரு கை தாள் மேல படுத்தே இருக்கட்டும். மாட்டுச்சுன்னா இழுக்கக் கூடாது. நிறுத்திட்டு மறுபடி சூடு காட்டுங்க. காயத்துல ஒட்டிப்போன கட்டை நாங்க அப்படித்தான் பிரிக்கிறோம், சூட்டுக்குப் பதிலா தண்ணி, அவ்வளவுதான்." "தாளுக்கு வலிக்கப் போவுதாம்மா" என்றார், தன் நகைச்சுவை தனக்கே பிடிக்காமல். "உங்களுக்கு வலிக்கும்ல" என்றாள். "டூட்டி முடிஞ்சு நேரா அங்க வந்துடுறேன். கிழிஞ்சா கிழியட்டும்பா. ஆனா பிரிக்காம மட்டும் வைக்காதீங்க."

ஜமால் கடை அகலத்துக்கு இரண்டு பேர் நின்றால் அடைத்துவிடும். அவன் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "எந்த மகராசன் சார் இதைப் போட்டது?" "தெரியல" என்றார். ஓரத்தைக் கத்தரித்து, மெஷினுக்குள் விட்டு, வெளியே வந்ததை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "உரிங்க சார்." நீ உரிக்கமாட்டாயா என்றார். "சூடு பண்றது நானு, உரிக்கிறது ஓனரு. ஒருதடவ ஒருத்தர் பட்டத்தைக் கிழிச்சுப்புட்டு அவரு சம்சாரத்துக்கிட்ட நான் அடிவாங்கப் பாத்தேன். ஆறிப்போறதுக்குள்ள பிடிங்க." ஆக, கடைசியில் இது தன் கையிலேயே வந்து விழுந்தது. இந்த ஊரில் எவ்வளவோ பேர் எவ்வளவோ பொறுப்புகளைத் தட்டிக்கழிக்கிறார்கள், தனக்கு மட்டும் ஒன்றைக்கூடத் தள்ளிவிட ஆள் கிடைப்பதில்லை. முதலில் பின்பக்கம். மூலையை நகத்தால் நெம்பினார், விரல் நுனி சுட்டது, பிளாஸ்டிக் ஒரு முணுமுணுப்போடு எழுந்தது. மடித்து, தாளை ஒட்டினாற்போல், பின்னால். இடது கை தாளின் மேல் படுத்திருந்தது. வந்தது. வெள்ளையாக, பிறந்த உடம்புபோல ஒன்றும் எழுதாத முதுகு வெளியே வந்தது. திருப்பி மறுபடி மெஷினுக்குள் விட்டான் ஜமால். இப்போது முன்பக்கம். கீழே இருந்து தொடங்கினார். தேதி வந்தது, பதிவாளரின் கையெழுத்து வந்தது, புடைத்த முத்திரை வந்தது, அதன் மேல் பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு விலகியது. பிறகு படம். படத்தின் பாதியில் மாட்டியது. ரோஸ்லினின் கழுத்து வரை திறந்துவிட்டது, முகம் இன்னும் உள்ளே. நிறுத்தினார். கையில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது, இழுக்கப்படாத இழுப்பு. இப்போது இதை இழுத்தால் முகத்தோடு வந்துவிடும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஜமால் சாட்சி சொல்வான், ஆறிப்போச்சு சார், விதி சார் என்பான். லூர்து இரண்டு நாள் பேசமாட்டாள். ரோஸ்லின் கிழிஞ்சா கிழியட்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இவ்வளவு வசதியாக ஒரு தப்பு ஒருவனுக்கு அமைவதேயில்லை. கட்டைவிரல் வியர்த்தது. விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே அந்த வியர்வை வழுக்குவதை, அப்பால் கோர்ட்டு வாசலில் ஒருவன் யார் பெயரையோ மூன்று தடவை கூப்பிடுவதை, மெஷினின் சிவப்பு விளக்கு எரிவதை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அறிந்தார். போன மாதம் பீரோ முன்னால் நின்றவன் இவன்தான் என்பதையும் அறிந்தார். பட்டது. அன்றைக்குப் பட்டதுதான். "சார், ஆறிடும்" என்றான் ஜமால். "மறுபடி சூடு காட்டுப்பா" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். "அவசரம் இல்ல. இன்னொருக்கா விடு."

இரண்டாம் முறை முகம் தானாகவே வெளியே வந்தது. தலைப்புச் சின்னத்தில் மட்டும் பொன் கொஞ்சம் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது, அது இருந்த இடத்தில் மங்கலான பழுப்புக் கோடு. வக்கீல் திரும்பி வந்து கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தாளை வாங்கினார். அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தார். வக்கீலின் கட்டைவிரல் மூலையில் இருந்த புடைப்பின் மேல் போய் நின்றது, கண்ணை மூடிக்கொண்டு தடவினார், குருடர் படிக்கிறதுபோல. பிறகு தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "பொன்னு போனா போவுது. எழுத்து நிக்குது. அசல்தான்." செண்பகவல்லி பதிவேட்டைத் திறந்து நீட்டினாள். "கொண்டுவந்தவர் கையெழுத்து. சம்பந்தம் என்னன்னு எழுதுங்க." அப்பா என்று எழுதி, அதை அடித்துவிட்டுத் தந்தை என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். ஸ்டாம்பு வில்லையும் சிவப்பு வட்டமும் ஒட்டினார்கள். வட்ட முத்திரை அசலின் முதுகில் தொப்பென்று விழுந்தது, பச்சை மையில் வக்கீல் கையெழுத்துப் போட்டார், இரும்புக் கருவி சிவப்பு வட்டத்தைக் கடித்துவிட்டது. இதற்கா. இவ்வளவு நேரத்துக்கான வேலையா இது. வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. "மை காயணும்" என்றார் வக்கீல். "எதுக்குள்ளயும் சொருகிடாதீங்க. முக்கியமா, சார், போற வழியில எங்கயும் மெஷினைப் பாத்தா நின்னுடாதீங்க."

அதனால் அவர் அதைக் கையிலேயே, இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தினாற்போல வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றார். பஸ் போனால் புழுதி எழும்புகிறது. இளநீர்க்காரன் மட்டையைச் சீவுகிறான், தெறிக்கிறது. காற்று அடித்தால் தாள் ஓரம் படபடக்கிறது, இத்தனை வருஷமாக அசையாமல் கிடந்ததற்குச் சேர்த்து இப்போது அடித்துக்கொள்கிறதுபோல. எல்லாம் எதிரி. ஒவ்வொரு ஆளும் தன்மேல் வந்து மோதுவதற்கென்றே நடக்கிறான். இதில் போகிறவர் ஒருவர் நின்று, என்ன சார் வாடகைக்கு வீடா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ரோஸ்லின் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்து வந்தாள், சாயம் போன சுடிதார், தோளில் சின்னப் பை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. தாளைப் பார்த்தாள், பழுப்புக் கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் முந்திக்கொண்டு, "மாட்டுச்சு. நிறுத்திட்டேன்" என்றார். "தெரியுது" என்றாள். வாங்கினாள். முதுகைத் திருப்பிப் பச்சைக் கையெழுத்தை விரல் படாமல் பார்த்தாள். பிறகு, மை இருக்கும் பக்கம் வெளியே வரும்படி, அந்தத் தாளை நடுவில் சரியாக இரண்டாக மடித்தாள். மடித்த இடத்தை நகத்தால் ஒரு தடவை நீவிவிட்டாள்கூட. பையில் டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே செருகி ஜிப்பை பாதி மட்டும் இழுத்தாள். தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். தண்ணீர் பாட்டில். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்கலாம், கேட்பதில் தப்பொன்றும் இல்லை, எந்த அப்பனும் கேட்பான். "என்னப்பா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார். "பசிக்குதுப்பா. ஏஜென்சி ஆபீஸ் பக்கத்துல பஜ்ஜி போடுவான், வாங்க" என்று முன்னால் நடந்தாள். உரித்த பிளாஸ்டிக் இன்னும் அவர் கக்கத்தில் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் பொன்னோடு. அதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் பார்த்தார். கையை எடுத்ததும் விரிந்துகொண்டது. மறுபடி மடித்தார். விரிந்துகொண்டது.